வெள்ளிக்கிழமை ஒட்டகக் கறி

"உங்கப்பாவுக்கு இன்னாடி புடிக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஒரு கையில் தோசையும் மறு கையில் அடையாள அட்டையுமாக அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஆவடியை ஒட்டிய எங்கள் கோவில்பதாகைப் பக்கம் முதல் வருஷப் படையலைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். தலைவாழை இலை போட்டு, போனவருக்கு என்னென்ன பிடிக்குமோ அத்தனையும் வைக்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரர் ஒருவருக்கு வஞ்சிர வறுவலும் கால் பாட்டில் பிராந்தியும் ஒரு கட்டு பீடியும் வைத்தார்கள். எதிர்வீட்டு அத்தைக்கு அவள் சாகும்வரை டாக்டருக்குத் தெரியாமல் தின்ற மைசூர்பாகை ஒரு கிலோ வாங்கி வைத்தார்கள். வைத்ததும் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். போனவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். கொஞ்ச நேரம் கழித்து, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். தட்டாமல் திறந்தால் பாதிச் சாப்பாட்டில் அவரை எழுப்பிவிட்டதாகிவிடும்.

ஆக, அம்மா கேட்டது சின்னக் கேள்விதான். அம்மாவுக்குத்தான் அது தெரியவில்லை.

அப்பா சவுதிக்குப் போனபோது எனக்கு நாலு வயது. பாலைவனத்தில் ஓர் ஒட்டகப் பண்ணையில் வேலை. பத்தொன்பது வருஷம் அங்கேயே இருந்தார். இடையில் லீவில் வந்த நாட்களையெல்லாம் ஒட்டிப் பார்த்தால் ஒன்றரை வருஷம் தேறினால் அதிகம்.

"வந்தா கறி, மீனுன்னு நானா ஆக்கிப் போட்டேன்," என்றாள் அம்மா. "இது வேணும் அது வேணும்னு அந்த மனுசன் வாயத் தொறந்து கேட்டதே இல்லடி. நல்லா கீது, நல்லா கீதுன்னே எல்லாத்தியும் துன்னாரு."

"ஒட்டகக் கறி," என்றேன் நான்.

"இன்னாது?"

"ஒட்டகக் கறி, ஒட்டகப் பால். நைனாவுக்கு அதாம்மா புடிக்கும். எனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும் என்று சொல்வது என் பழக்கம். யாராவது ஒரு விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் மீதியை நான் சொல்லிவிடுவேன். ஆனால் இது உண்மையாகவே எனக்குத் தெரிந்த விஷயம். ஒட்டகத்தைப் பற்றி, அதன் பாலையும் கறியையும் அரபிகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதைப் பற்றி, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் என்னைவிட அதிகம் தெரிந்த பெண் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

அது தொடங்கியது நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. வெள்ளிக்கிழமை மதியம் அப்பா போன் செய்வார். அங்கே வெள்ளிதான் விடுமுறை. முதலில் அம்மா பேசுவாள், பிறகு என் காதில் போனை வைப்பாள். "நல்லா கீறியா?" "கீறேன் நைனா." "படிக்கிறியா?" "படிக்கிறேன்." அதோடு போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு விளையாட ஓடிவிடுவேன். அவர் எனக்கு ஒரு குரல், அவ்வளவுதான். முகம்கூட போட்டோவில் பார்த்ததுதான் நினைவில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, என்ன தோன்றியதோ, "நைனா, ஒட்டகத்தத் துன்னுவாங்களா?" என்று கேட்டேன்.

"ஓ, துன்னுவாங்களே."

"நீ துன்னியா?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. "ம். துன்னேன்."

"எப்டி கீது?"

"இரு, அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த வாரம் சொன்னார். வயசான ஒட்டகத்தின் கறி ரப்பர் மாதிரி இழுக்கும், அதனால் இளங்குட்டியைத்தான் விருந்துக்கு வெட்டுவார்கள், அதை ஹாஷி என்பார்கள், ஆட்டுக்கறியைவிட லேசான இனிப்பு உண்டு என்றார். நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். சிலவற்றுக்கு உடனே பதில் வரும். பலவற்றுக்கு "அடுத்த வாரம்" என்பார். போன் கார்டில் காசு தீர்ந்துவிடுகிறது போல என்று நினைத்துக்கொள்வேன். வாரம் முழுக்க அந்தப் பதிலுக்குக் காத்திருப்பேன். அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்கும் அளவுக்கு ஆகிவிட்டது. "நீயே பேசுடி, எனக்கும் புருசந்தான் அவரு," என்பாள் அம்மா.

எத்தனை சொன்னார். விருந்தாளி வந்தால் முதலில் பால்தான், கறந்த சூட்டோடு, நுரை தளும்பத் தளும்ப, கூடவே பேரீச்சம்பழம். காய்ச்சவே மாட்டார்கள். மிஞ்சிய பாலைத் தோல்பையில் ஊற்றித் தொங்கவிட்டால் புளித்துப்போகும், அதையும் குடிப்பார்கள். கன்று பக்கத்தில் இருந்தால்தான் ஒட்டகம் பால் விடும். கன்றே எல்லாவற்றையும் குடித்துவிடாமலிருக்க மடிக்கு வலைப்பை கட்டிவிடுவார்கள். ஒட்டகத்தை உட்கார்ந்து கறக்க முடியாது, அவ்வளவு உயரம். ஒற்றைக்காலில் நின்று, இன்னொரு காலை மடக்கி முழங்காலுக்கு மேல் கிண்ணத்தை வைத்துக்கொண்டு கறப்பார்கள். கறியைச் சோற்றோடு ஒரு பெரிய தாம்பாளத்தில் கொட்டி, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து வலதுகையால் சாப்பிடுவார்கள். திமில் பெரிய மரியாதை. முக்கியமான விருந்தாளியின் முன்னால்தான் அது வைக்கப்படும். வீட்டுக்காரர் சாப்பிடுவதைவிடப் பிய்த்துப் பிய்த்து மற்றவர் பக்கம் தள்ளுவதிலேயே இருப்பார். அப்படித் தள்ளாவிட்டால் அவர் நல்ல வீட்டுக்காரர் இல்லை.

நான் இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் விற்றேன். "எங்க நைனா வாராவாரம் ஒட்டகம் துன்றாரு," என்பேன். "அதான் உன் சடைல ஒட்டக வாசனை வருது," என்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். ஒற்றைக்காலில் நின்று கறந்து காட்டுகிறேன் என்று வகுப்பில் டிபன் பாக்ஸோடு விழுந்து, உதடு கிழிந்து, ரத்தத்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை அதைச் சொன்னபோது அப்பா போனிலேயே சிரித்த சிரிப்பு, மூச்சு வாங்கும் அளவுக்கு நீண்ட அந்தச் சிரிப்பு, இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

பிளஸ் டூ முடித்ததும் உணவுத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று நின்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒட்டகம் என்றுதான் சொல்லியிருப்பேன். கல்லூரியில் சேர்ந்ததும் கையில் நெட் வந்துவிட்டது. பார்க்காத வீடியோ இல்லை, படிக்காத கட்டுரை இல்லை. ஒட்டகப் பால் ஏன் தயிராக உறைவதில்லை என்று ஒரு செமினாரே எடுத்தேன்.

முதல் வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்பா, திமிலை அப்படியே நெருப்பில் சுட்டுத் தின்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்.

"இல்ல நைனா," என்றேன். "அரிஞ்சு உருக்குவாங்க. அந்தக் கொழுப்புலதான் ஈரல வதக்குவாங்க. நான் வீடியோல பாத்தேன்."

"அப்டியா."

"போன வாரம் மசாலா பத்திச் சொன்னதும் தப்பு. எனக்கு எல்லாம் தெரியும் நைனா. நெஜமாலுமே நீ ஒட்டகம் துன்னுகீறியா, இல்ல சொம்மா கதை வுடறியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். "அம்மா கைல குடு."

அதற்குப் பிறகு அவர் ஒட்டகத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. வெள்ளிக்கிழமைகள் பழையபடி ஆயின. நல்லா கீறியா. கீறேன். படிக்கிறியா. படிக்கிறேன்.

நான் படித்து முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பால் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த பிறகு, அப்பா ஒரேயடியாக ஊர் திரும்பினார். ஏழு மாதம் எங்களோடு இருந்தார். இருந்தார் என்றால், காலையில் எழுந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். டி.வி. பார்ப்பார். நான் வேலையிலிருந்து வரும்போது கேட்டைத் திறந்துவிடுவார். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்கவில்லை.

முதல் போனஸ் வந்ததும் அவரைப் பூந்தமல்லியில், அரபிப் பக்குவத்தில் சோறும் கறியும் போடும் ஒரு மந்திக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலை ஓரம் இப்போது வரிசையாக மந்திக் கடைகள்தானே. தரையில் திண்டு போட்டு உட்காரவைத்து, நடுவில் பெரிய தட்டை இறக்குவார்கள். அரபிகள் இப்படித்தான் சாப்பிடுவார்கள், இந்தக் கையால்தான் எடுக்க வேண்டும், வீட்டுக்காரர் இப்படித்தான் உபசரிப்பார் என்று, பத்தொன்பது வருஷம் அங்கே இருந்து வந்த மனிதருக்கு நான் வகுப்பெடுத்தேன். அவர் "அப்டியா, அப்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே, ஆட்டுக்காலின் நல்ல பாகத்தை எலும்பிலிருந்து விரலால் பிய்த்து, என் பக்கத்துச் சோற்றின்மேல் வைத்தார். ஒரு தரம், இரண்டு தரம். மூன்றாம் தரம் வைத்தபோது, "நைனா, கைய வெச்சு எடுத்துப் போடாத. எனக்கு வேணும்னா நானே எடுத்துக்குவேன்," என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். அதற்குமேல் சோற்றை மட்டும் கொஞ்சம் சாப்பிட்டார்.

அது நடந்து இரண்டு மாதத்தில் ஒரு காலை அவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

ஆகவே படையலுக்கு ஒட்டகம் என்று நான் முடிவுசெய்தபோது அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. அவசர அவசரமாக வேலையில் இறங்கினேன். அதே மந்திக் கடைக்குப் போய்க் கேட்டேன். போர்டில் இரண்டு ஒட்டகம் நிற்கும். கல்லாவில் இருந்தவர், "படத்துல மட்டுந்தான் மேடம், உள்ள கோழியும் ஆடுந்தான்," என்றார். பூந்தமல்லிக் கறிக்கடை பாய் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "அதெல்லாம் இங்க வெட்டக் கூடாதும்மா. கேஸாயிடும். படையல் போடப் போயி என்ன உள்ள வெச்சுடாத."

கறி இல்லை என்றாகிவிட்டது. பால் கிடைத்தது. குஜராத்திலிருந்து, தெர்மோகோல் பெட்டியில், உறைய வைத்த ஆறு சின்ன பாட்டில்கள். அது வந்த அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வருவதற்குள் அம்மா அதில் ஐந்தை உருகவைத்துக் காய்ச்சிவிட்டிருந்தாள்.

"பாலுன்னா காய்ச்ச மாட்டாங்களா?" என்றாள். "கெட்டுப் போய்ட்டா?"

"அது காய்ச்சக்கூடாதும்மா. பச்சையா குடிக்கிறது."

"இன்னொண்ணும் பண்ணிட்டேன்." காய்ச்சி ஆற்றி, தயிருக்கு உறை ஊற்றிவைத்திருந்தாள். இலையில் மோர்ச்சோற்றுக்கு ஆகுமா என்று பார்க்க. மறுநாள் காலையில் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். அடியில் வழவழவென்று ஏதோ இருந்தது, மேலே தண்ணீர் நின்றது. உறைவதில்லை என்று செமினார் எடுத்த எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அம்மா பாத்திரத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். "உங்கப்பா மாரியே கீது," என்றாள். "நம்ம ஊட்ல எது பண்ணாலும் ஒட்ட மாட்டேங்குது." சொல்லிவிட்டு அழுதாள். ஒரு வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மிஞ்சியது ஒரு பாட்டில். கறிக்கு ஆட்டுக்கறியையே அந்த ஊர்ப் பக்குவத்தில் செய்துவிடலாம், ஆனால் அவருக்குப் பிடித்த பாகம் எது, எப்படிச் செய்தால் பிடிக்கும் என்று தெரிய வேண்டும். அதைக் கேட்கத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பத்துக்குப் போனேன்.

அங்கே சர்வீஸ் ரோட்டில் லாரி டயருக்குப் பஞ்சர் போடும் மாமா ஒருவர் இருக்கிறார். அப்பாவோடு அதே பண்ணையில், ஒரே அறையில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு, அவருக்கு முன்னாலேயே ஊர் திரும்பியவர். சாவுக்கு வந்து எங்கள் சொந்தக்காரர்களைவிடச் சத்தமாக அழுதவர். நான் போனபோது ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, வண்டி பஞ்சரா?"

"இல்ல மாமா. நைனாவுக்கு வருசப் படையல் வருது. அவுருக்கு ஒட்டகக் கறில எந்த எடம் புடிக்கும்? கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

"ஒட்டகக் கறியா? யாருக்கு, உங்கப்பனுக்கா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ட்யூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். "பாப்பா, அவன் ஒரு துண்டு துன்னதில்லம்மா."

"எங்கிட்ட சொன்னாரே மாமா. வாராவாரம் சொன்னாரே. ஹாஷி, ஈரலு, திமிலு, எல்லாம்."

"அதச் சொல்றியா?" அவர் ஒரு பழைய டயரைத் தட்டி, உட்காரச் சொன்னார். "அதெல்லாம் கெழவன் சொன்னது. ஏமன் நாட்டுக் கெழவன் ஒருத்தன், மொதலாளி ஊட்டுக்கு ஆக்கிப் போடறவன். வியாழக்கிழமையானா உங்கப்பன் அவங்கிட்ட போயி குந்திக்குவான். இவனுக்கு அப்ப அரபி அரகொறதான். கையக் காட்டி, காலக் காட்டிக் கேப்பான். கெழவன் சொல்றத, தண்ணித் தொட்டி கழுவிக்கினே மனப்பாடம் பண்ணுவான். நாங்க கலாய்ப்போம், இன்னா அண்ணாத்தே, பரீட்சையான்னு. ஆமாண்டா, வெள்ளிக்கெழம எம்பொண்ணு கேப்பா, இல்லனா போன அம்மா கைல குடுத்துட்டு ஓடிடுவான்னுவான்."

லாரி ஒன்று மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது.

"ஏன் மாமா துன்னல?"

"எப்டிம்மா துன்னுவான்? பொட்டக்குட்டின்னா பாலுக்கு வெச்சிக்குவாங்க. ஆம்பளக் குட்டின்னா ஒரு வருசம், ரெண்டு வருசம், அவ்ளோதான். விருந்தாளி வந்தா வெட்டிடுவாங்க. அது அவுங்க மொறை, அதுல தப்பு சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அந்தக் குட்டிக்கெல்லாம் புட்டில பாலு குடுத்து வளத்தது இவன். இவன் நடந்தா பின்னாலயே வரும், பேண்ட்டக் கடிச்சிக்கினு. மொதலாளி நல்ல மனுசன். விருந்துன்னா எங்களுக்கும் ஒரு தாம்பாளம் வரும், சோறு, மேல கறி, நடுவுல திமிலு. உங்கப்பன் கையக் கழுவிக்கினு வந்து எங்கக்கூட உக்காருவான். பிச்சுப் பிச்சு எங்க பக்கமா வெப்பான், அந்த ஊரு பெரிய மனுசங்க வெக்கிற மாரியே. நல்ல எடமாப் பாத்து வெப்பான். அவன் வாயில வெக்க மாட்டான். அப்பறமா போயி பருப்பு ஊத்தி ரொட்டி துன்னுவான்."

மந்திக் கடையில் என் சோற்றின்மேல் வந்து விழுந்த மூன்று துண்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. வீட்டுக்காரர் பிய்த்து வைப்பதுதான் உபசாரம் என்று நானே அப்போது அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே அவர் கையைத் தடுத்துவிட்டேன்.

"பாலு?" என்றேன். எனக்கு எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"பாலு குடிப்பான். அங்க வேற இன்னா கீது? மொத மாசம் குடிச்சிட்டு பேதி புடுங்கிக்கினு போச்சு அவனுக்கு. அப்பறம் பழகிட்டான். கறக்கறதுல அவன அடிச்சிக்க ஆளில்ல." எழுந்து நின்றார். தொப்பையும் லுங்கியுமாக, ஒரு கையால் லாரியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக்காலில் நின்று மறு காலை மடக்கிக் காட்டினார். கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டுக் காலை இறக்கினார். "அவன் புடிக்காமயே நிப்பான். அரை மணி நேரம் நிப்பான்."

பிறகு, ட்யூபை மறுபடி எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு வாட்டி நீ கேட்டியாமே, நெஜமா துன்னியா, கதை வுடறியான்னு."

"ம்."

"அன்னிக்கு வந்து சிரிச்சிக்கினே சொன்னான். எம்பொண்ணு கண்டுபுட்ச்சிட்டாடா, அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிபோச்சு, இனிமே எங்கிட்ட கேக்க ஒண்ணுமில்லன்னு. பெருமையாத்தான் சொன்னான். ஆனா அடுத்த வியாழக்கெழம கெழவங்கிட்ட போவல. கெழவனே தேடிக்கினு வந்துட்டான், இன்னிக்கு ஒண்ணும் கேக்கலியான்னு. உம்பேரச் சொல்லி, அவளோட அப்பான்னுதான் அவனக் கூப்புடுவாங்க அங்க. புள்ள பேர வெச்சிக் கூப்புடறது அவுங்க பழக்கம். நான் இருந்த பதினோரு வருசமும் அங்க அவனுக்குப் பேரே உம்பேருதாம்மா."

டயரின் விளிம்பு என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"அப்ப அவுருக்கு இன்னாதான் மாமா புடிக்கும்?"

அவர் நிறைய நேரம் யோசித்தார். பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். "தெரியாதும்மா," என்றார். "பதினோரு வருசம் ஒரே சட்டில ஆக்கித் துன்னோம். கேட்டதில்ல. நீயாச்சும் கேட்டுகீறியே."

நான் எங்கே கேட்டேன்? என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன், எப்படி இருந்தது என்று கேட்டேன். எல்லாமே ஒட்டகத்தைப் பற்றிய கேள்விகள். உனக்கு என்ன வேண்டும் நைனா என்று, அத்தனை வெள்ளிக்கிழமைகளில் ஒரு தரம்கூட நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள். மனப்பாடம் செய்தார் என்ற இடத்தில் கரைப்பதை நிறுத்தினாள். முடிவில், "கல்யாணம் பண்ணிக்கினு அஞ்சு வருசம் கூட இருந்தேன். எனக்கே தெரியல. நீ இன்னா பண்ணுவே," என்றாள்.

படையல் அன்று பகலில் அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் சமைத்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல், முட்டை, மீன், வடை, பாயசம். இலை நிறைந்தது. நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, வறுவலில் இருந்த நல்ல துண்டைக் கையால் பிய்த்து, சோற்றின்மேல் வைத்தேன். இரண்டாவது துண்டைப் பிய்த்து வைத்தேன். மூன்றாவதும் வைத்தேன். போட்டோவில் அப்பா, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த அதே முகத்தோடு, எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக அந்த ஒரு பாட்டிலை எடுத்து வந்தேன். எவர்சில்வர் கிண்ணத்தில் உயரத்திலிருந்து ஊற்றினேன். கொஞ்சம் நுரை வந்தது.

"காய்ச்சலியா?" என்றாள் அம்மா.

"அவுங்க காய்ச்ச மாட்டாங்கம்மா."

"பச்சப் பால நம்மள்ல சுடுகாட்டுலதாண்டி ஊத்துவாங்க."

மயானத்தில் இரண்டாம் நாள் நான்தான் ஊற்றினேன். மகன் இல்லாத வீடு. அந்தப் பாக்கெட் பாலின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்தது அப்போது ஞாபகம் வந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைக்கலாமா என்று எழுந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். "இருக்கட்டும் வுடு," என்றாள். "அத அவரு பச்சையாதான குடிச்சாரு."

வெளியே வந்து கதவைச் சாத்தினோம். உறவுக்காரர்கள் வாசலில் நாற்காலிகளில் இருந்தார்கள். நானும் அம்மாவும் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தோம். எனக்கு எப்போதும்போல அவசரம். இரண்டு நிமிஷத்தில், "தட்டலாமா?" என்றேன்.

"இரு. அவரு மெதுவாதான் துன்னுவாரு." சொல்லிவிட்டு அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. அவர் மெதுவாகத்தான் சாப்பிடுவார். அந்த ஒன்றாவது எங்களிடம் இருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை, புதன். ஆனாலும் நான் கதவில் தலையைச் சாய்த்து, யாருக்கும் கேட்காமல், "உனக்கு இன்னா வேணும் நைனா?" என்றேன்.

அம்மா சொன்ன பிறகுதான் தட்டினேன். மூன்று தரம் தட்டிவிட்டுத் திறந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலையில் நான் வைத்த மூன்று துண்டுகளும் வைத்த இடத்திலேயே இருந்தன. கிண்ணத்தில் நுரை அடங்கியிருந்தது. பாலின் அளவு குறைந்திருக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன்.

படைத்ததை வீட்டாரும் உறவுக்காரர்களும்தான் சாப்பிட வேண்டும். இலையில் இருந்ததை மற்றவர்களுக்குப் பகிர்ந்துவிட்டு, பாலை நான் எடுத்துக்கொண்டேன். பத்து வருஷம் கதையாகக் கேட்டு, நாலு வருஷம் பாடமாகப் படித்த அந்தப் பாலை அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாயில் வைத்தேன். லேசாக உப்புக் கரித்தது.

"எப்டி கீது?" என்றாள் அம்மா. "புடிச்சிருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. மீதியை அவளிடம் கொடுத்தேன்.